கொலுவில் ஓடிய தென்காசி வண்டி

சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால் மற்றவர்களுக்குப் பச்சைக் குழந்தை உள்ள வீடு நினைவுக்கு வரும். எனக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். கரிப்புகை கக்கும் நிஜ ரயிலைச் சொல்லவில்லை. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் ‘பட்டாசலில்’, அதாவது நடுக்கூடத்தில், நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் தீப்பெட்டிகளையும் தையல்நூல் சுற்றிவரும் மரக்கட்டைகளையும் கொண்டு நாங்கள் ஓட்டிய ரயிலைச் சொல்கிறேன். அதன் புகைபோக்கியில் ஒரு சிட்டிகை சாம்பிராணி கனன்றுகொண்டிருக்கும், அச்சுகளுக்கெல்லாம் விளக்கெண்ணெய் போட்டிருக்கும். அந்த வாசனையோடு எனக்குப் பிடித்த பைத்தியம் தலை நரைத்த பிறகும் விடவில்லை. என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடம், எல்லா ஆண்பிள்ளைகளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காசி ராமேஸ்வரம் போவார்கள், இவர் மட்டும் கட்டிலுக்கடியில் போவார் என்று சொல்லுவாள். தண்டவாளம் அங்கேதான் கிடக்கிறது என்பதால் நான் அதை மறுத்துப் பேசுவதில்லை.

எங்கள் ஊருக்கு ரயில் வந்து அப்போது சில வருஷங்களே ஆகியிருந்தன. திருநெல்வேலியிலிருந்து வருகிற வண்டி எங்கள் ஊரில் நின்று, தாமிரபரணிப் பாலத்தைத் தடதடவென்று கடந்து, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசிக்குப் போகும். அங்கிருந்து செங்கோட்டைக்கும், மலையைக் குடைந்துகொண்டு அதற்கப்பால் மலையாளத்துக்கும் போகும். வண்டி பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டால் ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவர்கள் பாதி தேய்த்த முதுகோடு நிமிர்ந்து நிற்பார்கள். பெரியவர்களே அப்படியென்றால் ஒன்பது பத்து வயதுப் பையனாகிய என்னைக் கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என் கால்கள் தாமாகவே ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிடும்.

அப்படித் திரும்பிய ஒரு நாள், ஆறுமுகம் அண்ணாச்சியின் தானியக் கடையைத் தாண்டும்போது, கடைக்குப் பின்னால் இருந்த ‘கிட்டங்கிக்கு’ உள்ளேயிருந்து ரயில் ஊதுவது கேட்டது. மூட்டைகள் அடுக்கிவைக்கும் இருட்டறைக்குள் ரயில் எப்படி வந்தது என்று எட்டிப் பார்த்தேன். ஞானமுத்து என்று என் வகுப்பிலேயே படித்த பையன் பூவரசு இலையைச் சுருட்டிப் ‘பீப்பி’ ஊதிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர். அவனுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்தபடி, நாற்பது வயதும் நான்கு பெண்குழந்தைகளும் உள்ள ஆறுமுகம் அண்ணாச்சி, மூங்கில் சிம்புகளால் போட்ட தண்டவாளத்தின் மேல் ஒரு சுருட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தொந்தி தரையில் பட்டதால் அவருடைய கால்கள் இரண்டும் அந்தரத்தில் ஆடின.

அண்ணாச்சி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கடையில் உட்கார்ந்திருக்கும்போது பேரம் பேச வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே பாதியில் திரும்பிவிடுவார்கள், அத்தனை கடுகடுப்பு. கிட்டங்கிக்குள் நுழைந்துவிட்டால் எங்களைவிடச் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார். வண்டி கவிழ்ந்தால் முதலில் கோபித்துக்கொள்வதும் அவர்தான், கவிழ்த்தது பெரும்பாலும் அவர்தான் என்பதால் எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருக்கும். அவர்கள் இருவரும் தங்களைச் ‘செட்டு’ என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் சேர ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: புதிதாக வருகிறவன் தன் கையால் ஒரு பெட்டி செய்துகொண்டு வர வேண்டும், அது அரிசி மூட்டையிலிருந்து புளிக்கூடை வரைக்கும் கவிழாமல் ஓட வேண்டும்.

சக்கரத்துக்கு நூல்கட்டைதான் உயிர். தையல்நூல் சுற்றிவரும் மரக்கட்டையின் இரண்டு முனையிலும் விளிம்பு இருக்கும். அதை நடுவில் அறுத்தால் நிஜ ரயில் சக்கரம்போலவே உள்பக்க விளிம்போடு இரண்டு சக்கரம் கிடைக்கும். அம்மாவிடம் ஒரு கட்டை கேட்டேன். கட்டையில் நூல் முக்கால்வாசி இருந்தது. அம்மா, அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, அந்த நூல் முழுவதையும் ஓர் அட்டையில் சுற்றியெடுத்துவிட்டுக் கட்டையை என் கையில் கொடுத்தாள். நான் செய்த முதல் பெட்டி அரிசி மூட்டையை விட்டுக் கிளம்பவே இல்லை. அடுத்தது பாதி வழியில் படுத்துக்கொண்டது. அம்மாவின் நூலெல்லாம் அட்டைக்கு மாறிய பிறகு, ஒரு பெட்டி ஆடி அசைந்து, விழப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் புளிக்கூடையில் போய் முட்டியது. அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏலே, நீ நம்ம செட்டு. நாளைக்கு வரும்போது வெளக்கெண்ணெ கொண்டா.”

பின்னாளில் உத்தியோகத்தில் எத்தனையோ உத்தரவுகள் கைக்கு வந்திருக்கின்றன. எதுவும் அந்த மாலையைப் போல் என் நெஞ்சை நிமிர்த்தவில்லை.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் அண்ணாச்சிக்கு ஓர் ஆசை முளைத்தது. கிட்டங்கிக்குள் எலிகளைத் தவிர யாரும் நம் ரயிலைப் பார்ப்பதில்லையே, கொலுவுக்கு முன்னால் போட்டால் ஊரே பார்க்குமே என்றார். அவர் வீட்டில் இடமில்லை. எங்கள் பட்டாசல் பெரிது. அம்மா உடனே சம்மதித்துவிட்டாள். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு எந்தெந்த ஊர் வரும் என்று என்னை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லிக்கொண்டே வந்து தென்காசி என்றதும், போதும், அங்கன வரைக்கும் போடுங்க என்றாள்.

தென்காசி அம்மா பிறந்த ஊர். அங்கே அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. போக விடாதவர் அப்பா. அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, வீட்டு மூத்த மருமகனை அவர்கள் குடும்பத்தோடு நேரில் வந்து அழைத்திருக்க வேண்டும். தாத்தா காய்ச்சலில் படுத்துவிட்டார் என்பதால் வெற்றிலை பாக்கை ஒரு வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் வராத வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டார். அவரும் போகவில்லை, அம்மாவையும் அனுப்பவில்லை. கூடப்பிறந்த ஒரே தம்பியின் கல்யாணத்தன்று அம்மா எங்கள் வீட்டில் வழக்கம்போல் சமைத்து வழக்கம்போல் பரிமாறினாளாம். அதற்குப் பிறகு மாமா சமாதானம் சொல்லி இரண்டொரு முறை ஆள் அனுப்பியும் அப்பா அசையவில்லை.

இதற்கிடையில் தாத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தென்காசிச் சந்தைக்குப் போய்வருகிறவர்களிடம் அவர் சொல்லியனுப்புவார், அவர்களும் அண்ணாச்சி கடையில் சரக்கு இறக்கும்போது அதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைசியாக வந்த சேதி இதுதான்: “காலையில ரயிலேறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கன இருக்கலாம். கண்ணு தெரியும்போதே வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லு.” அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வண்டியில்லாத காலத்தில் தூரம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். வாசலில் நின்றால் ரயில் ஊதுவது கேட்கும்போது எதைச் சொல்லித் தேற்றுவது? அன்றைக்கு எனக்கு இது முழுதாகப் புரியவில்லை. அம்மா தினமும் அந்த வண்டி ஊதும் நேரத்தில் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள் என்பது மட்டும் தெரியும்.

கொலுவில் ரயில் போடுவதற்கு அப்பா தடை சொல்லவில்லை. அவர் சர்வே இலாகாவில் நிலம் அளக்கிற உத்தியோகம் பார்த்தவர். வெயிலில் சங்கிலி பிடித்து அலைந்துவிட்டு வந்து, வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஸ்டேஷன்களுக்கு வைக்கிற ஊர்ப்பெயர்ப் பலகைகளை எல்லாம் ஞானமுத்து அழகாக எழுதிக் காயவைத்திருந்தான். அப்பா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்றை மட்டும் எடுத்து மாடத்தில் கவிழ்த்து வைத்தார்.

“ரயிலு போட்டுக்கோங்க. தென்காசிங்கிற பேரு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

அதனால் எங்கள் தண்டவாளம் கடையத்தோடு முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. அண்ணாச்சி, கடையம் வரைக்கும் போனால் போதாதா, மிச்சத்தை ரயில் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று சமாதானம் சொன்னார். அவர் முகமும் நன்றாயில்லை.

ஆனாலும் போட்டோம், ஆசை தீரப் போட்டோம். பட்டாசல் தரையில் பலகைகளைப் பரப்பி, மேலே ஆற்றுமணலும் செம்மண்ணும் கொட்டினோம். அண்ணாச்சி கடைச் சாக்கில் உமியை அடைத்துச் சாய்த்து வைத்ததும் அதுதான் பொதிகை மலை. அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி தாமிரபரணி. அதன் மேல் பனஞ்சிலாகையில் பாலம். தீக்குச்சிகளை அடுக்கிச் ‘சிலிப்பர் கட்டை’, அதன் மேல் மூங்கில் சிம்பு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விசிறிக் காம்பில் செய்த கைகாட்டி. நூலை இழுத்தால் அது கை இறக்கும். வண்டி தானாக ஓட வேண்டுமே, அதற்காக எஞ்சினின் வயிற்றில் ஒரு நூலைக் கட்டி, கொலுப்படிக்குப் பின்னால் ஒரு ராட்டில் சுற்றி இழுத்தோம். திரும்பி வர இன்னொரு நூல். ராட்டுச் சுற்றுகிற வேலையை அண்ணாச்சி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கொலுப்படிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் எப்படி நுழைந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே வர ஆள் பிடித்து இழுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கொலுவில் வயல் காட்டுவதற்குக் கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்கவிடுவது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். அவை மெல்லிய புல்லாக முளைத்துப் பச்சை விரித்ததுபோல் இருக்கும். தண்டவாளம் பதிக்கிறதற்கு முன்பே விதைக்கிற பொறுப்பை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். கடையிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தட்டாம்பயறு கொண்டுவந்தார். அம்மா தயங்கினாள்.

“கடுகு மொளச்சா சீக்காளி மாதிரி நிக்கும் மைனி. நம்ம தாமிரவர்ணிப் பாசனமாக்கும், செழிப்பா இருக்க வேண்டாமா?” என்று சொல்லி, அம்பாசமுத்திரம் தொடங்கிக் கடையம் வரைக்கும் அள்ளி அள்ளி விதைத்தார். அதன் மேல்தான் நாங்கள் மண்ணை மூடித் தண்டவாளம் பதித்தோம்.

முதல் இரண்டு நாளும் எங்களைப் பிடிக்க முடியவில்லை. மாலையானால் தெருப் பெண்களெல்லாம் குழந்தைகளோடு வந்துவிடுவார்கள். ஞானமுத்து பீப்பி ஊதுவான், நான் கைகாட்டியை இறக்குவேன், சாம்பிராணி புகைய வண்டி கண்ணாடி ஆற்றைக் கடந்து போகும். வேதக்காரப் பையன், கிறிஸ்தவன், கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறானே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவன் இல்லாவிட்டால் வண்டி ஊதாது, ஊதாத வண்டியைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தீர்கள் என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுச் சுண்டலை அவளுக்கு முன்னால் அவன் கையில் கொடுத்தாள். ஒரு கேள்விக்குத்தான் அவளால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் வண்டி கடையத்தில் நின்றதும், தென்காசி எங்கன என்று கேட்டார்கள். அது அம்மா பிறந்த ஊர் என்பது தெரிந்து அன்பாகக் கேட்டவர்கள் உண்டு. விஷயம் தெரிந்து வேண்டுமென்றே கேட்டவர்களும் உண்டு. எல்லாருக்கும் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள், இன்னும் தண்டவாளம் போடவில்லை என்று. அப்பா ‘ரெண்டாங்கட்டில்’, அடுத்த அறையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அதற்கடுத்த நாள் மாலை, வண்டி அம்பாசமுத்திரத்தைத் தாண்டியதும் குப்புற விழுந்தது. தூக்கி வைத்தோம், மறுபடி விழுந்தது. குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஞானமுத்து குனிந்து பார்த்துவிட்டு, பயறு முளைக்குது அண்ணாச்சி என்று மெதுவாகச் சொன்னான். கடுகு என்றால் தண்டவாளத்துக்கு இடையில் பணிவாக எட்டிப் பார்த்திருக்கும். தட்டாம்பயறு அப்படியா? மண்ணைப் பிளந்துகொண்டு, தீக்குச்சிக் கட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, மூங்கில் சிம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கிளம்பியிருந்தது. மறுநாள் காலையில் கடையம் ஸ்டேஷனே சாய்ந்துவிட்டது.

பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பப் பதித்தால் தீர்ந்தது என்று அண்ணாச்சி கையை நீட்டினார். அம்மா தடுத்துவிட்டாள். அம்பாளுக்கு முன்னால் விதைத்த முளையை நவராத்திரி முடிகிற வரையில் பிடுங்கக்கூடாது. தசமியன்று ஆற்றில்தான் விட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை மீறுகிறவர்கள் கிடையாது. அண்ணாச்சி நீட்டிய கையை அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆக, பயிரும் இருக்க வேண்டும், ரயிலும் ஓட வேண்டும். நாங்கள் மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். அன்று மாலையும் வண்டி விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து போயிற்று. யாரோ ஒருத்தி, நிலம் அளக்கிறவர் வீட்டு ரயில் இப்படிக் குடித்தவன்போல் போகிறதே என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ரெண்டாங்கட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆபீஸ் விடுமுறை. அப்பா குளித்துவிட்டு வந்தவர் நேராகப் பட்டாசலுக்கு வந்து நின்று, எங்கள் ரயில் பாதையை முதன்முதலாகக் குனிந்து பார்த்தார்.

“எவன்லே இதுக்கு மட்டம் பாத்தது?”

மட்டம் யாரும் பார்க்கவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நூலைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு பயிருக்குள் போவதை விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகப் பாதை போட வேண்டும் என்றார். வளைவில் நூல் குறுக்கே வெட்டிக்கொண்டு இழுக்குமே என்று ஞானமுத்து கேட்டான். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். நல்ல கேள்வி கேட்டவனைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் சின்ன ஆணிகளை அடித்து, நூல் அவற்றை அணைத்துக்கொண்டு போகும்படி செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி என்னைக் கிள்ளி, பார்த்தாயா என்று கண்ணைக் காட்டினார். செட்டில் நாலாவது ஆள் சேர்ந்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது; அவருக்குத்தான் தெரியாது.

சுற்றிக்கொண்டு போன பாதை பழைய இடத்தில் முடியவில்லை. சாய்ந்து கிடந்த கடையத்தை வளைவிலேயே நிமிர்த்தி வைத்தோம். வளைவு முடிந்து நேராகி, சுவரோரமாகவே ஓடி, ரெண்டாங்கட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத வெறும் மண்ணில் போய் நின்றது. அங்கே ஸ்டேஷன் இல்லை, பலகை இல்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மிச்ச ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அப்பா ரெண்டாங்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். தான் போட்ட பாதையில் வண்டி ஓடுவதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. ஞானமுத்து ஊதினான். வண்டி ஆற்றைக் கடந்தது, பயிருக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து தெரிந்தது, வளைவில் கொஞ்சமும் ஆடாமல் திரும்பிக் கடையத்தைத் தாண்டியது, சுவரோரமாக வந்து அப்பாவின் காலடியில் நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி வண்டியோடு கூடவே தவழ்ந்து வந்தவள், அப்பாவை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

“மாமா, இது எந்த ஊரு?”

பட்டாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். அம்மா சுண்டல் தட்டோடு நின்றாள்.

“தென்காசி,” என்றார் அப்பா.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. பெண்கள் தாங்களாகவே தாம்பூலம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கொலுவுக்குப் பின்னால் இருந்த அண்ணாச்சியை நானும் ஞானமுத்தும் இழுத்து வெளியே எடுத்தபோது அவர் கண் சிவந்திருந்தது, சாம்பிராணி என்றார்.

எல்லோரும் போன பிறகு அம்மா வெளியே வந்தாள். முகம் கழுவிப் பொட்டிட்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் பேசி நான் கண்டதில்லை, அன்று பார்த்தாள்.

“பேரு சொன்னாப் போதுமா? போக வேண்டாமா?”

அப்பா அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தசமி கழித்துப் போகலாம் என்றார். கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, தாம் அங்கிருந்தே அடுத்த வண்டியில் திரும்பிவிடுவதாகவும், அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அம்மா சரி என்றாள். அவள் அந்த முதல் வார்த்தையை மட்டும்தான் காதில் வாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

தசமியன்று முளைகளை ஆற்றில் விட்டோம். அதற்கு மறுநாள் நாங்கள் ரயிலேறினோம். பாலத்தின் மேல் வண்டி போகும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது எனக்குப் பயமாக இருக்கும் என்றல்ல. கடையம் தாண்டியதும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தென்காசியில் வண்டி நின்றபோது, பிளாட்பாரத்தில் ஒரு மனிதர் வேகமாக ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மாமாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாங்கள் வருவதை அவருக்கு யார் சொன்னது என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது. முந்தின நாளே சந்தைக்குச் சரக்கோடு போன ஆளிடம் ஆறுமுகம் அண்ணாச்சி சொல்லியனுப்பியிருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. மாமா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“வாங்க அத்தான்.”

அவ்வளவுதான். அதற்குமேல் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அப்பா எழுந்து, பெட்டியைத் தாமே எடுக்கப் போனார். மாமா அதை வாங்கிக்கொண்டார். வண்டி நேரத்துக்கு வந்துட்டு என்று அப்பா சொன்னார். ஆமா அத்தான் என்றார் மாமா. திரும்புகிற வண்டி எப்போது என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

தாத்தா முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா போய்க் காலைத் தொட்டதும், அவளை வெயில் படுகிற பக்கமாக நகர்ந்து நிற்கச் சொன்னார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“என்னட்டி, இப்பிடி மெலிஞ்சிட்ட?”

அம்மா சத்தம் போட்டு அழுதாள். அவள் மெலிந்திருந்தது உண்மை. அதைக் கண்டு சொல்லுகிற அளவுக்கு அவருக்குப் பார்வை இருந்தது என்பதே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. அடுத்த நவராத்திரிக்கு நாங்கள் போனபோது வெயிலில் நின்றாலும் அவருக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஞானமுத்து நிஜ ரயிலிலேயே கார்டாகச் சேர்ந்து, லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து என்னோடு கட்டிலுக்கடியில் படுத்தவன், போன வருஷம் போய்ச் சேர்ந்தான். அண்ணாச்சியின் கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை. கல்லிடைக்குறிச்சி வீடு கைமாறிவிட்டது; பட்டாசலை இரண்டாகத் தடுத்திருக்கிறார்களாம். தென்காசி வீடும் இல்லை. பாளையங்கோட்டையில் நான் குடிவந்த பிறகு இங்கேயும் ஒரு செட்டு சேர்ந்திருக்கிறது: ஒரு டாக்டர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மின்சார ஆபீஸ் இளைஞர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். வண்டி இப்போது நூலில் ஓடுவதில்லை, கரண்டில் ஓடுகிறது. புகை வருவதில்லை, சீமையிலிருந்து வந்த எஞ்சினுக்குச் சாம்பிராணி போட டாக்டர் சம்மதிக்கமாட்டார்.

டாக்டருக்கு என்மேல் ஒரு மனக்குறை உண்டு. திருநெல்வேலியிலிருந்து பாதையை இத்தனை ஒழுங்காகப் போட்டுவிட்டு, தென்காசியைத் தாண்டினால் வரும் மலையையும் குகைகளையும் பெரிய பாலங்களையும் போடாமல் விட்டிருக்கிறேனே, ரயில் பைத்தியம் பிடித்த எவனாவது அதை விடுவானா என்று வருகிற போதெல்லாம் கேட்பார். இடமில்லை, வயதாகிவிட்டது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, குகை செய்வதற்கு அட்டையைத் தாமே வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“தென்காசிக்கு அங்கிட்டு வேண்டாம் டாக்டர். எங்க அம்மா இங்கனதான் இறங்கினா.”

டாக்டர் அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தென்காசி வந்ததும் பையப் பைய நிறுத்தினார்.